படிக்கு மேலே ரோடு

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் உண்டு. 'உண்டு' என்று தைரியமாகவே சொல்வேன். கண்ணுக்குத்தான் தெரியாது.

1991-ல் அப்பா பி.எஃப். லோன் போட்டு, அம்மாவின் இரண்டு வளையல்களை விற்று, அப்போது ஊருக்கே கடைசியாக இருந்த ஒரு மண் தெருவில் இந்த வீட்டைக் கட்டினார். 900 சதுர அடி. தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. படிகளுக்குச் சிவப்பு ஆக்ஸைடு பூசி, கொத்தனார் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கொடுத்ததில் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தனவாம். நான் எண்ணக் கற்றுக்கொண்டதே அவற்றில்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, திண்ணை! பள்ளிக்கூடத்தில் "மூணுக்கு அப்புறம் என்னடா?" என்று டீச்சர் கேட்டதற்கு "திண்ணை" என்று சொல்லி அடி வாங்கியதாக எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உலவுகிறது. அப்படிப்பட்டவன் பிற்பாடு பி.காம். படித்தான் என்பதுதான் அதைவிடப் பெரிய ஜோக்.

1996-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. தெருவுக்கு முதல் தடவையாக ஜல்லி கொட்டித் தார் போட்டார்கள். ஊரே கொண்டாடியது. முதல் படி உள்ளே போனது. 2001-ல் தேர்தல், இரண்டாவது படியில் பாதி. 2006-ல் தேர்தல்; மீதிப் பாதி. 2011-ல் குழாய்க்குப் பள்ளம் தோண்டி, மூடி, அதன் மேல் ஒரு மெத்தை தைத்த மாதிரி தார் போட்டார்கள். மூன்றாவது படியும் காலி. திண்ணைக்கும் ரோட்டுக்கும் நாலு விரற்கடைதான் பாக்கி.

2016-ல் பதவிக் காலம் முடிந்த பிறகு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எல்லாரும் ஜனநாயகம் என்னாச்சு என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

"அஞ்சு வருஷமா நம்ம வீடு கீழே போகலைடா!"

அந்தச் சந்தோஷம் 2021 நவம்பர் வரைதான். அந்த வருஷ மழையை மறந்திருக்க மாட்டீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். தண்ணீர் தானாகவே வந்திருந்தது. ரோடு உயரம், வீடு பள்ளம். தெருவில் விழுகிற தண்ணீர் வேறெங்கே போகும்? அம்மாவைத் தூக்கி டைனிங் டேபிளில் உட்கார வைத்தோம். ஃப்ரிட்ஜ் போனது. மெத்தை போனது. அப்பா எதைப் பற்றியும் கவலைப்படாமல் முழங்கால் தண்ணீரில் குனிந்து பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பச்சைக் கலர் ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுப் பத்திரமாக்கும் என்று நினைத்தேன். இல்லை. வீட்டு வரி ரசீதுகள். 1991-லிருந்து அன்றைய தேதி வரை, அரையாண்டுக்கு ஒன்றாக. பாதி நனைந்திருந்தன. மறுநாள் வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். தெருவில் போனவர்கள் எல்லாம் எங்கள் வீட்டில் ஏதோ விசேஷம், காகிதத் தோரணம் கட்டியிருக்கிறோம் என்றே நினைத்தார்கள்.

அப்பா தபால் இலாகாவில் ஸார்ட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்தக் காகிதமும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிற பரம்பரை. வரியும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த மழைக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"நீ பி.காம்.தானே? நாம கட்டற காசு எங்கே போகுதுன்னு ஒரு கணக்கு எழுதிக் கொடு."

ஆபீஸில் தினமும் பிறத்தியாரின் கணக்கைச் சரிபார்த்து வயிறு வளர்க்கிறேன். சொந்தக் கணக்கை எடுத்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

முதலில் என் ஸ்கூட்டர். தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புது டூ-வீலருக்கு 2023-லிருந்து ஆயுள் வரி 10 சதவீதம். அதற்கு முன்னால் 8. என் மச்சான் 90,000 ரூபாய்க்கு வண்டி எடுத்துவிட்டு 9,000 ரூபாய் வரி கட்டினான். 'ரோடு டாக்ஸ்' என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், ஷோரூம்காரர் உட்பட. சட்டத்தின் பெயரைப் பார்த்தால் 'மோட்டார் வாகன வரிச் சட்டம், 1974'. தலைப்பில் ரோடே கிடையாது! வண்டி வைத்திருப்பதற்குத்தான் வரி. அதுவும் மாநில கஜானாவுக்குப் போகிறது. எங்கள் தெரு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

அடுத்தது பெட்ரோல். இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1927-ல் வெள்ளைக்காரன் காலத்தில் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் ரோடுகளுக்காக ஒரு கமிட்டி போட்டார்கள். பெட்ரோலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரி போட்டு அதை ரோட்டுக்கென்றே தனி உண்டியலில் போடுங்கள் என்று கமிட்டி யோசனை சொன்னது. 1929-ல் மத்திய சாலை நிதி பிறந்தது. கேலனுக்கு 2 அணா! (அந்தக் காலத்தில் கமிட்டி போட்டால் இரண்டே வருஷத்தில் ஏதாவது நடந்திருக்கிறது பாருங்கள்.) 1998-ல் அது லிட்டருக்கு 1 ரூபாய். 2018 பட்ஜெட்டில் பெயரை நீட்டி, 'சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ்' என்று லிட்டருக்கு 8 ரூபாய். நடுவில் ஏறி இறங்கி, 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு 5 ரூபாய். அந்தக் கணக்கில் மாசம் 30 லிட்டர் போடுகிற நான் 150 ரூபாய் ரோட்டுக்காகவே கொடுக்கிறேன். 'செஸ்' என்பதால் மாநிலங்களோடு பங்கு பிரிக்கிற வரிப் பாத்திரத்தில் அது விழாது. நேஷனல் ஹைவே, ரயில்வே, இன்ன பிற பெரிய சமாசாரங்களுக்குப் போகிறது. நேஷனல் ஹைவேயில் டோல்கேட் வேறு. அங்கே காசு கொடுத்தால் வழவழவென்று ரோடு தெரிகிறது, அதுவரை பரவாயில்லை. ஆனால் அந்த ஹைவேக்குப் போய்ச் சேர எங்கள் தெருவைத் தாண்டியாக வேண்டுமே!

கடைசியில் தெருவுக்கு என்று மிஞ்சுவது வீட்டு வரிதான். ரோடு, விளக்கு, குப்பை, சாக்கடை எல்லாம் நகராட்சி தலையில். மாநிலமும் மத்திய அரசும் நிதிக் கமிஷன் மூலம் கொஞ்சம் அனுப்புகின்றன. மற்றபடி அதன் சொந்தக் கையில் இருக்கிற பெரிய வரி இதுதான். இதற்குள்ளேயே ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி என்று ஒன்று, 1948-ல் சென்னை மாகாணம் போட்ட நூலகச் சட்டத்தின் புண்ணியத்தில். அந்தக் காசு வீணாகவில்லை. நூலகம் நன்றாகவே இருக்கிறது. நூலகத்துக்குப் போகிற ரோடுதான்...

இந்த சமயத்தில் வரியும் ஏறியது. 2022 ஏப்ரலில் சென்னைக்கு வெளியே இருக்கிற ஊர்களில் 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், 1,200-க்குள் 50, 1,800-க்குள் 75, அதற்கும் மேலே போனால் 100. எங்களுக்கு 50. அரையாண்டுக்கு 1,640 ரூபாயாக இருந்தது 2,460 ஆயிற்று. 2024-ல் இன்னொரு 6 சதவீதம். 2,608.

அப்பா ரசீதை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார். துணைக்கு நான், அரை நாள் லீவில். (எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கே குடியிருக்க வேண்டும்.)

"முப்பது வருஷமா ஒரு நாள்கூடத் தவறாம வரி கட்டறேன். வீட்டுக்குள்ள தண்ணி வருது. காசு கொடுத்தா ஏதாவது செய்யணுமா இல்லையா?"

கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பெரியவரே, காசு கொடுத்து சாமான் வாங்கினா அது கட்டணம். கேள்வி கேக்காம கொடுத்தா அதுதான் வரி."

எனக்குப் பகீரென்றது. நையாண்டிக்காக அல்ல. அவர் சொன்னது அப்படியே எங்கள் பி.காம். பாடம்! 1954-ல் சிரூர் மடம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது. அதுவும் நம்ம மதராஸ் ராஜ்ஜியத்து அறநிலையச் சட்டத்தைப் பற்றிய வழக்கு. கட்டணம் என்றால் அதற்குப் பதிலாக ஒரு சேவை இருக்க வேண்டும். வரிக்கு அப்படி நேருக்கு நேர் எதுவும் கிடையாது. பொதுவான காரியங்களுக்காகக் கட்டாயமாக வாங்குவது. பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. எனக்கு ஏழு போட்டார்கள். இது இத்தனை வருஷம் கழித்து வாசல்படி ரூபத்தில் வந்து நிற்கும் என்று அப்போது யார் கண்டார்கள்?

அப்பாவுக்கு நான் இதை விளக்கிச் சொன்னேன். "சுப்ரீம் கோர்ட் வீட்டுக்குள்ள தண்ணி வந்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாங்க" என்றார்.

அதற்குள் தெருவிலேயே ஒரு யோசனை கிளம்பியது. எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். சுண்டல் உண்டு. விஷயம், 'நமக்கு நாமே' திட்டம். 1997-ல் தொடங்கி, இடையில் நின்று, 2021-ல் மறுபடி உயிர் பெற்றது. மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் போட்டால் மிச்சத்தை அரசாங்கம் போடும். ரோட்டுக்குச் சுமாராக 7 லட்சம் என்று வைத்துக்கொண்டால் எங்கள் பங்கு 2,33,000 சொச்சம். 42 வீடு. வீட்டுக்கு 5,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஹெட்மாஸ்டர் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினார்.

முதல் பத்து நிமிஷம் பிரமாதமாகப் போனது. ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் அப்போதே ஜி.பே.யில் அனுப்பத் தயார் என்றான். அப்புறம் வாடகைக்கு இருப்பவர்கள் "ஓனர்தான் தரணும்" என்றார்கள். ஓனர்களுக்கு போன் போட்டால் "ரோட்ல நடக்கறது அவங்கதானே" என்றார்கள். கோடி வீட்டுக்காரர் தன் வீட்டு முன்னால் ரோடு நன்றாகவே இருப்பதால் பாதிதான் தருவேன் என்றார். மாடி போர்ஷன் தம்பி, தனக்கு வண்டியே இல்லை என்பதால் நடந்து போகிறவர்களுக்குத் தனி ரேட் உண்டா என்று கேட்டான். அப்பா மட்டும் எழுந்து, "நான் தரேன். ஆனா ஒண்ணு. ஏற்கெனவே கட்டின வரியில எது எங்கே போச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் தருவேன்" என்றார். கூட்டம் சுண்டலோடு முடிந்தது. ஒன்பது வீடு தேறியது.

வரி என்பது ஏன் கட்டாயமாக வாங்கப்படுகிறது என்பது எனக்கு அந்த மொட்டை மாடியில்தான் விளங்கியது. பத்து மார்க்கும் கொடுத்திருப்பார்கள், அப்போது விளங்கியிருந்தால்.

2024 கடைசியில் ஒரு நாள் இரண்டு பேர் டேப்பை வைத்துத் தெருவை அளந்துவிட்டுப் போனார்கள். புது ரோடு வரப்போகிறதாம். தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். எங்கள் வீட்டில் மட்டும் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மிச்சமிருப்பது நாலு விரற்கடை. அதில் இரண்டு விரற்கடை போனால் அடுத்த மழைக்கு என்ன கதி? என் மனைவி வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போய்விடலாம் என்றாள். தரையை உயர்த்த ஒரு காண்ட்ராக்டர் 3 லட்சம் கேட்டார். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஆபீஸ் நண்பன் வீடியோ அனுப்பினான். ஸ்டெப்னி மாற்றுகிற மாதிரி வீடு மேலே எழும்புகிறது. அப்பா அதை இரண்டு தடவை பார்த்தார்.

"ரோடு ஏறினதுக்கு நான் ஏன்டா வீட்டைத் தூக்கணும்?"

மறுநாள் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினார். ரோட்டுக்கான எஸ்டிமேட் நகல் வேண்டும். ரிஜிஸ்டர்டு போஸ்ட், ஒப்புகை அட்டையோடு. 30 நாள் கெடு. 28-ம் நாள் பதில் வந்தது. தபால் இலாகா மேல் அவர் வைத்த நம்பிக்கை வீண் போகவில்லை.

நாலு பக்கம். நான் படித்தேன். நீளம் 180 மீட்டர், அகலம் 4 மீட்டர். 40 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார்க் கலவை. மொத்தம் 6,10,000 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,09,800!

ஆமாம் ஸார். நாம் கட்டிய வரிப் பணத்தில் போடுகிற ரோட்டுக்கும் வரி. 12 சதவீதமாக இருந்ததை 2022 ஜூலையில் 18 ஆக்கிவிட்டார்கள். நாங்கள் நகராட்சிக்குக் கட்ட, நகராட்சி அதிலிருந்து டில்லிக்கு 54,900-மும் கோட்டைக்கு 54,900-மும் கட்டுகிறது. எந்தக் காகிதமும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் என்று அப்பா சொன்னது சரிதான்!

ஆனால் அதே கணக்கு என் வாயையும் அடைத்தது. 42 வீடும் எங்களைப் போலவே வருஷத்துக்கு 5,216 ரூபாய் கட்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2,19,000 சொச்சம்தான். ரோடு 7,19,800. அதாவது, விளக்கு எரியாமல், குப்பை அள்ளாமல், யாருக்கும் சம்பளம் கொடுக்காமல், மூன்றேகால் வருஷத்து வரியை அப்படியே வைத்தால்தான் இந்த ஒரு தெருவுக்கு ஒரு ரோடு. முப்பது வருஷமாக ரோட்டுக்குக் காசு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி. அப்படின்னா இருக்கற காசை ஒழுங்கா செலவு பண்ணணும்தானே? மூணாவது அயிட்டத்தைப் படி."

படித்தேன். 'ஏற்கெனவே உள்ள தார் மேற்பரப்பை 40 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி அப்புறப்படுத்துதல், 720 சதுர மீட்டர்.'

பழசைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். பேப்பரில் வந்தது. அப்பா அதையும் வெட்டி ஃபைலில் வைத்திருந்தார்.

2025 பிப்ரவரியில் ஒரு காலை ஆறு மணிக்கு லாரி வந்தது. ரோலர் வந்தது. தார் ஆவியோடு கலவை வந்தது. சுரண்டுகிற யந்திரம் மட்டும் வரவில்லை. துடைப்பத்தால் தூசியைத் தட்டிவிட்டுக் கொட்ட ஆரம்பிக்கிற சமயத்தில், 79 வயதில் என் அப்பா லுங்கியும் பச்சை ஃபைலுமாக ரோலருக்கு முன்னால் போய் நின்றார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷோடு ஓடினேன்.

மேஸ்திரிக்குக் கோபம். "பெரியவரே, தள்ளுங்க. கலவை ஆறிப்போகும்."

"சுரண்டிட்டுப் போடுங்க. எஸ்டிமேட்ல இருக்கு."

"அதெல்லாம் எங்களுக்குச் சொல்லலை."

யாரோ போன் செய்ய, இன்ஜினீயர் பைக்கில் வந்தார். இளைஞர். என்னைவிடச் சின்னவர். ஃபைலை வாங்கி மூன்றாவது அயிட்டத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் வாசலைப் பார்த்தார். மேஸ்திரியும் விடவில்லை. "ஸார், பாருங்க, இவங்க படியே ரோட்டுல இருக்குன்னு சொல்றாங்க. ஆக்கிரமிப்பு ஸார் அது!"

அப்பா கத்தவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார். "தம்பி, நான் படி கட்டினப்போ ரோடே கிடையாது. என் படிக்கு மேல ரோடு ஏறியிருக்கு. யார் யாரை ஆக்கிரமிச்சதுன்னு நீங்களே சொல்லுங்க."

தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் பனியனோடு வந்து அப்பா பக்கத்தில் நின்றார். பாதிதான் தருவேன் என்ற கோடி வீட்டுக்காரர் முழுசாக வந்து நின்றார். இன்ஜினீயர் கொஞ்ச தூரம் போய் யாருக்கோ போன் பேசினார். நல்ல போன் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. திரும்பி வந்து, "லாரியை அடுத்த தெருவுக்கு அனுப்புங்க. இங்கே நாளைக்குச் சுரண்டிட்டுத்தான்" என்றார். அப்பாவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலை மட்டும் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஜே.சி.பி. வந்தது. சந்துக்குள் பெரிய யந்திரம் நுழையாது என்பதால் அதன் பல்லாலேயே பழைய தாரைப் பெயர்த்தார்கள். ஓரங்களில் ஆட்கள் கடப்பாரை. நான் ஆபீஸுக்கு பர்மிஷன் போட்டுவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் எங்கள் வாசலோரம் கடப்பாரை போட்ட பையன் நிறுத்திவிட்டு, "இங்க கீழே ஏதோ சிவப்பா இருக்குங்கய்யா" என்றான்.

மூன்றாவது படி. முன் விளிம்பு மட்டும் ஒன்றரை அங்குலத்துக்குத் தெரிந்தது. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டால் துடைத்தார். அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா திண்ணையிலிருந்தே எட்டிப் பார்த்து, "அந்தக் கொத்தனாருக்கு எண்ணெய் மட்டும் ரெண்டு படி ஆச்சு" என்றாள்.

சாயங்காலம் புதுக் கலவை கொட்டி ரோலர் ஓட்டினார்கள். படி மறுபடி உள்ளே போனது. திண்ணைக்குக் கீழே விரலை வைத்து அளந்தேன். நாலு விரற்கடை. குறையவில்லை.

ஏப்ரல் பிறந்ததும் வழக்கம்போல அப்பா வரி கட்டக் கிளம்பினார். ஏப்ரல் மாசத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. 130 ரூபாய். ஆன்லைனில் இரண்டு நிமிஷத்தில் கட்டிவிடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"சர்வர் வேலை செய்யலையாம். நாளைக்கு வரச் சொன்னாங்க."

ஃபைலைப் பீரோவின் மேல்தட்டில் வைத்தார்.